அறைக்கு நாலு பேர்

எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர், வேன் போன பிறகுதான் வரும். பட்டாசுக் கம்பெனி வேன் விடிந்ததும் விடியாததுமாக வந்து ஹாரன் அடிக்கும். நாங்கள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஏறிப் போய்விடுவோம். அதற்குப் பிறகு குழாயில் தண்ணீர் கொட்டும், பிடிக்க ஆள் இருக்காது. சாயங்காலம் மருந்து படிந்த கையோடு வந்து, வேலைக்குப் போகாதவர்கள் வீட்டு வாசலில் காலிக் குடத்தோடு நிற்க வேண்டும். "இப்பத்தான் வாரீகளா?" என்று அவர்கள் இழுத்துக் கேட்பதே எனக்கு ஆகாது. இந்தத் தண்ணீருக்காகத்தான் நாங்கள் முதன்முதலாகக் கூட்டம் போட்டோம்.

ஏழாயிரம்பண்ணையிலிருந்து மினி பஸ்ஸில் உள்ளே வர வேண்டிய ஊர். கம்பெனி லீவு விடும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சத்துணவுக் கூடத்தில் கூடினோம். முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நான் சண்டை போடுவதைப் பார்க்க வந்தவர்கள். என் வாய் அப்படி. ஊரில் எனக்குப் பட்டப்பெயர் 'வத்தல்'. மிளகாய் வத்தலைச் சொல்கிறார்கள். அதை நான் குறையாக எடுத்துக்கொண்டதே இல்லை. விருதுநகரிலிருந்து ஒரு வக்கீலம்மா பஸ் ஏறி வந்து எங்களோடு தரையில் உட்காருவார். அவர்தான் பஞ்சாயத்தில் எப்படிக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். கிராம சபையில் நாங்கள் குடங்களோடு போய் உட்கார்ந்தோம். தலைவர் நெளிந்தார். அடுத்த வாரத்திலிருந்து தண்ணீர் வேனுக்கு முன்னால் வந்தது.

அதிலிருந்து எங்களுக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிட்டது. கூட்டம் போட்டால் நடக்கும் என்று தெரிந்துவிட்டதே! தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை, பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்தோம். கூட்டத்துக்கு ஒரு விதி வைத்தோம். வைத்தது நான்தான். ஒருத்தி வராவிட்டாலும் எதையும் முடிவு பண்ணக் கூடாது. வராதவள் வீட்டுக்கு ஆள் போய் அவளை இழுத்துக்கொண்டு வர வேண்டும், உடம்புக்கு முடியவில்லை என்றால் அவள் வீட்டு வாசலிலேயே கூட்டம் நடக்கும். அப்படி ஒரு தடவை பிள்ளை பெற்றவள் வீட்டு முற்றத்தில் வைத்துத் தெருவிளக்கு பற்றிப் பேசினோம். பிள்ளை அழ அழ, அவளும் உள்ளே இருந்தபடியே கத்தி அபிப்பிராயம் சொன்னாள்.

ஆனால் கம்பெனியைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதில்லை. அது என்னவோ சொந்த வீட்டுச் சண்டை மாதிரி வெளியே கொண்டுவரக் கூடாத சமாச்சாரமாக இருந்தது. பேச வேண்டிய விஷயமோ எங்கள் காலடியில் கிடந்தது.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது. செருப்பில் ஒட்டி வரும் ஒரு கல் தரையில் உரசினால் போதும், மருந்து பற்றிக்கொள்ளும். அதனால் செருப்பெல்லாம் வாசலில் வரிசையாகக் கிடக்கும். ஓர் அறைக்கு நாலு பேர்தான் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பது சட்டம். சீசன் சூடு பிடித்தால் ஏழெட்டுப் பேர் உட்காருவார்கள். அதிகாரி வண்டி கேட்டில் நுழைந்தால் போர்மேன் "செருப்பு!" என்று ஒரே ஒரு சத்தம் கொடுப்பார். கூடுதலாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் எழுந்து வந்து அவரவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் கருவேலங்காட்டுக்குள் போய்விட வேண்டும். வாசலில் நாலு ஜோடிதான் கிடக்கும். உள்ளே இருப்பவர்களிடம் அதிகாரி கேட்டால், "நாலு பேரு சார்." வேலைக்குப் புதிதாக வருகிற பெண்ணுக்குத் திரி பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இந்தப் பதிலைத்தான் கற்றுக்கொடுப்போம். கருவேலங்காட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரம் எங்களுக்கு ஓசி லீவு மாதிரி. புளியங்காயை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டு ஊர்வம்பு பேசுவோம். அதில் எங்களை நாங்களே ஒளித்துக்கொள்கிறோம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

என் தங்கையும், அண்ணன் மனைவியான என் மதினியும் ஒரே மருந்து அறையில் வேலை பார்த்தார்கள். நான் அதே கம்பெனியில் சற்றுத் தள்ளி, சரவெடி பின்னும் கொட்டகையில். தங்கை எனக்குப் பத்து வயது இளையவள். கல்யாணம் ஆகாதவள். எனக்கு எவ்வளவு வாயோ அவ்வளவு அமைதி அவளுக்கு. நான் கத்தினால் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு சிரிப்பாள்.

அந்த அறை ஒரு சீசனில் பற்றிக்கொண்டது. நான் ஓடிப்போனபோது கதவு வழியாகப் புகை வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. மதினி வெளியே தரையில் கிடந்தார், இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோய். கதவருகில் இருந்தவர்கள் தப்பித்து வந்துவிட்டார்கள். என் தங்கை கடைசியில், சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தவள். அவளுக்கும் கதவுக்கும் நடுவில் அத்தனை பேர் இருந்தார்கள், கட்டி வைத்த சரக்கும் இருந்தது. அவள் வரவில்லை.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் போர்மேன், காயமில்லாத பெண்களை வேனில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார். வாசலில் கிடந்த செருப்புகளையும் ஒரு சாக்கில் அள்ளப் போனார். நான் அவர் கையைத் தட்டிவிட்டுத் தங்கையின் ஜோடியை எடுத்துக்கொண்டேன். நீல நிற ரப்பர் செருப்பு. வார் அறுந்ததற்கு ஊக்குக் குத்தாமல், நூலால் கட்டியிருந்தாள். கம்பெனிக்குள் ஊக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதில் அவள் அப்படி ஒரு கண்டிப்பு.

கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் போலீசில் என்ன சொன்னார் என்பது வக்கீலம்மா வழியாக எங்களுக்குத் தெரிந்தது. அந்த அறையில் நாலு பேர்தான் வேலை பார்த்தார்களாம். என் தங்கை அந்த அறையில் வேலை செய்கிறவளே இல்லையாம். எங்கிருந்தோ வந்து அவளாக உள்ளே நுழைந்தாளாம். இறந்தது போதாதென்று அவளை அந்த அறையிலிருந்தே துரத்திவிட்டார்கள். அவள் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தவள், அத்தனை பேரை அடைத்து வைத்ததால் செத்தவள் என்பதை ஓர் அதிகாரியாவது காதால் கேட்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குள் வைராக்கியம் பிறந்தது. அதைச் சொல்லக்கூடியவர் மதினி. பக்கத்தில் இருந்து பார்த்தவர், காயம் பட்டவர், சொன்னால் எடுபடும்.

மதினி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நடந்த முதல் கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதினியாகவே பேசத் தொடங்கினார். "கதவு எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும். கண்ணை மூடிட்டுப் போவேன். ஆனா கால் வைக்க எடமில்ல. மனுச மேல மனுச. பின்னால இருந்து 'மதினி'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பலை." கூடமே அழுதது. அந்த அறையிலிருந்து தப்பித்து வந்த மற்றப் பெண்களும் அங்கேதான் இருந்தார்கள், ஒவ்வொருத்தியாக வாய் திறந்தார்கள். செருப்பு, கருவேலங்காடு, நாலு பேர் என்று சொல்லும் பொய், எல்லாம் வெளியே வந்தது. அத்தனை வருடம் பேசாததை ஒரே மத்தியானத்தில் பேசித் தீர்த்தோம்.

அப்புறம் மதினிதான் எங்கள் கூட்டத்துக்கே குரல். நாரணாபுரம் பக்கம் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், காரியாபட்டியிலிருந்து வந்த விவசாயப் பெண்கள்கூட அதில் இருந்தார்கள். மதினி எழுந்து சேலைத் தலைப்பை விலக்கி இரண்டு கையையும் நீட்டினார். "நாலு பேரு இருந்திருந்தா இந்தக் கையும் வெந்திருக்காது, என் நாத்தனாவும் வீட்டுக்கு வந்திருப்பா" என்றார். நான் பக்கத்தில் நின்று அழுதேன். பெருமையாகவும் இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அடுப்படியில் அண்ணனிடம் பேசவே கூச்சப்பட்டவர் அவர். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். எனக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்தி போனாலும் இன்னொருத்தி கிடைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு அதிகாரிகள் ஊருக்கே வருவதாகத் தகவல் வந்தது. சமுதாயக் கூடத்தில் வைத்துத் தொழிலாளர்களிடம் நேரில் கேட்பார்கள் என்றார் வக்கீலம்மா. யார் முதலில், யார் அடுத்து என்று பேசிவைத்தோம். முதலில் மதினி, பிறகு அறையிலிருந்து தப்பியவர்கள், கடைசியில் நான். "நீ மொதல்ல பேசுனா அதிகாரி பயந்து ஓடிருவாரு" என்று கிண்டல் செய்தார்கள். எல்லோரும் காளியம்மன் கோயில் திருநீற்றைத் தொட்டுச் சத்தியம் செய்தோம். விசாரணைக்கு முந்தின நாள் நான் சிவகாசிக்குப் போக வேண்டியிருந்தது. வக்கீலம்மா கேட்டிருந்த தங்கையின் பள்ளிச் சான்றிதழை நகல் எடுத்துக்கொண்டு, பஸ் கிடைக்காமல் இருட்டிய பிறகுதான் திரும்பினேன். தெரு அமைதியாக இருந்தது. நாளைக்கு நல்லபடியாகப் பேச வேண்டுமே என்று எல்லோரும் சீக்கிரம் படுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது, அம்மாகூட வந்து பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மேசைக்குப் பின்னால் அதிகாரி ஒருவர். பொறுமையான மனிதர். மதினியை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"உங்க அறையில எத்தனை பேர்மா வேலை பார்த்தீங்க?"

"நாலு பேரு சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே சிரித்தேன். வருடக்கணக்காகச் சொன்ன பதில், பேண்ட் போட்ட ஆளைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது, பாவம் என்று நினைத்தேன். எங்களில் யாராக இருந்தாலும் இந்தத் தப்பு வரும். நான் எழுந்து, "மதினி, இது கம்பெனி இல்ல. பயப்படாமச் சொல்லுங்க" என்றேன்.

மதினி என் பக்கம் திரும்பினார். தடுமாறிய முகம் இல்லை அது. பிறகு அதிகாரியைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"நாலு பேருதான் சார். அன்னைக்கும் நாலு பேருதான். செத்துப்போன புள்ள எங்க ரூம்ல கிடையாது. தண்ணி கேட்டு வந்தா. செருப்போட உள்ள வந்துட்டா. அதான் உரசிருச்சு."

செருப்போட. மற்றவர்களுக்கு அது ஒரு சாதாரண வார்த்தையாக இருக்கலாம். எங்களுக்கு அதைவிடப் பெரிய பழி கிடையாது. செருப்போடு மருந்து அறைக்குள் போகிறவள் கூட இருப்பவர்களைக் கொல்லப் பார்க்கிறவள். எங்கள் ஊர்க் குழந்தைகூட வீட்டில் தீப்பெட்டி ஒட்டும் இடத்தில் செருப்புப் போடாது. வீட்டுக்குள் வரும்போதுகூடக் காலைத் தட்டிவிட்டு வருகிற என் தங்கையைப் பற்றி, அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர் சொன்னார்.

நான் கத்தினேன். "செருப்பு வெளிய கெடந்துச்சு சார்! நான் எடுத்தேன்! எங்க வீட்டுல இருக்கு, கொண்டாந்து காட்டட்டுமா?"

"நீங்க அந்த அறையில இருந்தீங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சார்."

"அறையில இருந்தவங்க சொல்லட்டும். நீங்க உட்காருங்க."

அறையிலிருந்து தப்பியவர்களைப் பார்த்தேன். சொல்லுங்கடி என்று கெஞ்சினேன். ஒருத்தி எழுந்தாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. "நான் அன்னைக்கு வேலைக்கே போகலை சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். வேறு மூணு பேர், மதினி சொன்னது போலவே "நாலு பேருதான் சார்" என்றார்கள். வார்த்தை மாறாமல் ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்லத்தான் எனக்கு உறைத்தது. இது பயத்தில் வந்த பேச்சு இல்லை. உட்கார்ந்து பேசி வைத்த பேச்சு. எங்கள் கூட்டத்தில் நாங்கள் பழகிய அதே முறைப்படி, யார் முதலில், யார் அடுத்து என்று வரிசையாக வந்தது. வக்கீலம்மா தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மதினியை நிற்கவைத்துக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம், நான் சிவகாசியில் இருந்தபோது, சத்துணவுக் கூடத்தில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். குத்தகைக்காரர் ஆள் அனுப்பியிருக்கிறார். அறைக்கு ஏழெட்டுப் பேர் என்று சொன்னால் லைசென்ஸ் போகும், கம்பெனி திரும்பத் திறக்காது, சீசனுக்கு ஒருத்திக்கும் வேலை இல்லை. தொழிலாளியின் கவனக்குறைவு என்றால் கொஞ்ச நாளில் திறந்துவிடுவார்கள்.

"சீல் வெச்சதுல இருந்து எத்தனை வீட்டுல உலை வைக்கலைன்னு உனக்குத் தெரியும்லா?" என்றார் மதினி. "நீ ஒருத்தி கோவத்த வெச்சே வயித்த ரொப்பிருவ. எங்களுக்கு முடியாது தாயி."

"அப்ப என்னையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதான?"

"கூப்பிட்டா நீ விடுவியா?"

விடமாட்டேன்தான். ஆனால் அது காரணமா? பிள்ளை பெற்றவள் வாசலுக்குப் போய்க் கூட்டம் நடத்தியவர்கள் நாங்கள். ஒருத்தி இல்லாமல் முடிவு இல்லை என்று வாய் கிழியப் பேசியவர்கள், நான் பஸ் ஏறும்வரை காத்திருந்து கூடியிருக்கிறார்கள். பசியைப் பற்றிச் சொன்னது எனக்குப் புரிந்தது, என் வீட்டிலும் அதே பசிதான். இருந்தும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. குத்தகைக்காரர் பொய் சொன்னார், அவரிடம் எனக்கு ஏமாற ஒன்றும் இல்லை, அவரை நான் எப்போது நம்பினேன்? இவர்களைத்தான் நம்பினேன். அண்ணனிடம் கேட்டேன். "பொம்பளைக சமாச்சாரத்துல நான் என்னத்தப் பேச" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கம்பெனி திறந்தது. பூசை போட்டு, எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார்களாம். விசாரணை முடிவில் என் தங்கை தான் வேலை செய்யாத அறைக்குள் செருப்போடு போய் விபத்துக்குக் காரணமானவள் ஆகிவிட்டாள். நான் சிவகாசிக்கு வந்துவிட்டேன். அச்சாபீசில் காலண்டருக்குத் தகரம் அடிக்கும் பிரிவில் வேலை. இங்கே மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது, அது எனக்கு வசதியாக இருக்கிறது. ஊரில் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடக்கிறது. நூறு நாள் வேலையைப் பற்றி, பஸ் நேரத்தைப் பற்றி எல்லாம் பேசுகிறார்களாம். கூப்பிட்டு விடுகிறார்கள். நான் போவதில்லை. மதினி மட்டும் இரண்டு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை.

அம்மா மாதத்துக்கு ஒரு முறை என்னைப் பார்க்க வருவாள். அவள் கம்பெனிக்குப் போகிறவள் இல்லை, அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். போன தடவை வந்தபோது, காலையில் கீரை ஆய்ந்துகொண்டே மதினிக்காகப் பேசினாள். போனை எடுத்துப் பேசினால் என்ன, எத்தனை நாளைக்கு இப்படி இருப்பாய் என்றாள். எனக்கு வந்ததே கோபம்.

"வேற என்ன வேணா சொல்லியிருக்கலாமே. திரி உரசிருச்சு, மருந்து சூடாயிருச்சு, ஆயிரம் இருக்கு. அவள செருப்போட வந்தான்னு சொல்ல அவுகளுக்கு எப்படிம்மா வாய் வந்துச்சு?"

அம்மா கீரைத் தண்டை ஒடித்தபடியே சொன்னாள். "அவ சொல்லலத்தா. நான்தான் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்குக் கூட்டத்துல நானும் இருந்தேன். தீ எப்பிடி வந்துச்சுன்னு ஏதாச்சும் சொல்லணும்னாக. 'நான் திரிய உரசிட்டேன்னு சொல்லிக்கிறேன்'னு ஒம் மதினிதான் முன்னுக்கு வந்தா. போலீஸ் அவளைப் பிடிச்சுட்டுப் போயிருவாகளேன்னு எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. ரெண்டு புள்ள வெச்சிருக்கா. இருக்கிறவ யாரு மேல போட்டாலும் அவ வீட்டுக்கு ஆளு வரும். போனவ மேல போட்டா யாரு வந்து கேக்கப் போறா? அதான் செருப்புன்னு நான் சொன்னேன். ஒம் மதினி மாட்டேன்னுதான் அழுதா."

நான் கீரையைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"நான் கேட்டேனேம்மா" என்றேன். "விசாரணையில அம்புட்டுப் பேருக்கு நடுவுல எந்திரிச்சு நின்னு, நான் ஒருத்தி கேட்டேனே. நீயும் அங்கனதான உக்காந்திருந்த?"

"ஆமா" என்றாள் அம்மா.